இடைக்கால இங்கிலாந்துத் தேவாலய வாசல்கள்: கேள்வி பதில்

கேள்வி: சின்ன ஊர்க் கோவிலுக்கு எதற்கு மூன்று, நான்கு வாசல்?

பதில்: பீடம் கிழக்கே. மக்கள் வருவது பெரும்பாலும் தெற்குச் சுவரில், மேற்கு முனையை ஒட்டிய வாசல் வழியாக. பீடப் பகுதியின் தெற்குச் சுவரில் உள்ள குறுகிய கதவு குருவானவருக்கு. மேற்கு வாசல் பவனி, ஆயர் வருகை போன்ற நாட்களுக்கு.

கேள்வி: தெற்கு முகமண்டபம் வெயில் மழைக்கு ஒதுங்கத்தானா?

பதில்: இல்லை, சடங்குகளே அங்கேதான் தொடங்கும். திருமணத்தில் மோதிரம் அணிவிப்பதும், மனைவிக்கு இன்ன சொத்து என்று மணமகன் ஊரறியச் சொல்வதும் கதவுக்கு வெளியே. அதன்பிறகே திருப்பலிக்கு உள்ளே போவார்கள். ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தை ஆணா பெண்ணா, வீட்டிலேயே அவசர ஞானஸ்நானம் ஆயிற்றா என்று குரு வாசலிலேயே விசாரிப்பார். ஆண் குழந்தை அவருக்கு வலப்பக்கம், பெண் இடப்பக்கம். நாவில் உப்பு வைத்து, தீய ஆவியை ஓட்டும் செபங்களை முடித்துத்தான் தொட்டிக்கு அழைத்துப்போவார். தொட்டி வாசலருகே இருப்பது இதற்குத் தோதானது. பிள்ளை பெற்றபின் நன்றிச் சடங்குக்கு வரும் தாயும் வாசலில் நிற்பாள். குரு அவள் வலக்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவார்.

கேள்வி: வடக்கு வாசலைப் ‘பேய் வாசல்’ என்கிறார்களே?

பதில்: ஞானஸ்நானத்தின்போது பேய் வெளியேற அதைத் திறந்து வைத்தார்கள் என்பது பிற்காலக் கதை. குருத்தோலை ஞாயிறு போன்ற பவனிகளுக்குத்தான் அது பயன்பட்டது. 1547இல் ஆறாம் எட்வர்டின் அரசு கோவிலைச் சுற்றும் பவனிகளைத் தடைசெய்தது. வேலையில்லாத கதவில் குளிர்காற்றுதான் வரும். பல ஊர்களில் கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.

கேள்வி: டர்ஹாம் பேராலயத்தில் வடக்குக் கதவின் வெண்கல முகம் எதற்கு?

பதில்: குற்றம் செய்துவிட்டு அடைக்கலம் கேட்டு வந்தவர் அந்தக் காலத்தில் தட்டிய வளையம் அது. 37 நாள் பாதுகாப்பு கிடைக்கும். அதற்குள் மன்னிப்புப் பெற வேண்டும், இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். இப்போது கதவில் இருப்பது நகல்.

கேள்வி: கோவிலைச் சாத்திவிட்டுப் போகும்போது கடைசியாகப் பூட்டிய கதவு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கதவுக்கு உட்புறம், இருபக்கச் சுவரிலும் சதுரத் துளை தேடுங்கள். ஒன்று ஆழமாக, கையை விட்டால் முழங்கை தாண்டிப் போகும். எதிரே உள்ளது ஆழமில்லாதது. குறுக்குக்கட்டை முழுவதும் ஆழமான துளைக்குள் ஒளிந்திருக்கும். இழுத்து எதிர்த்துளையில் செருகுவார்கள். உள்ளிருந்துதான் போட முடியும் என்பதால், துளையில்லாமல் சாவிப்பூட்டு மட்டும் உள்ள கதவே கடைசியாக வெளியேறிய வழி. ஆனால் பக்கக்கூடம் கட்டியபோது பழைய வாசலைப் பெயர்த்துப் புதுச் சுவரில் பதித்திருப்பார்கள். அங்கே துளை காணாமல் போயிருக்கும். முதலில் சுவரின் வயதைப் பாருங்கள்.