ஞாயித்துக்கிழமை வாசகம் வீடு வரைக்கும் வருமா?

"ஞாயிறு பூசையில வாசிக்குற பைபிள் வாசகத்துக்கும் தெனசரி வாழ்க்கைக்கும் என்ன சம்பந்தம், எனக்கு கோயில் படி இறங்குனதும் மறந்துபோகுதே"ன்னு கேட்டுருக்கீங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், நான் சாமியாரும் இல்ல உபதேசியாரும் இல்ல. குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊரு, நாகர்கோவில்ல ஒரு ஜவுளிக்கடையில கணக்கு எழுதுறேன், மாசத்துல ஒரு ஞாயிறு கோயில்ல வாசகம் வாசிக்குற முறை வரும், அவ்வளவுதான். மறந்துபோறது உங்களுக்கு மட்டும் இல்லங்க. சின்ன வயசுல பூசை முடிஞ்சு வந்தா எங்கம்மா மீன்கொழம்பு ஊத்துறதுக்கு முன்னாடி "இன்னைக்கு என்ன மக்ளே வாசிச்சாவ"ன்னு கேப்பாங்க, நானும் தம்பியும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாப்போம், அப்புறம் நான் "அக்காலத்தில் இயேசு தம் சீடரை நோக்கிக் கூறியது"ன்னு ஆரம்பிச்சு அதோட நிப்பேன். பாதி ஞாயிறு நற்செய்தி அப்படித்தான் தொடங்கும்ங்கிறதால மாட்டிக்க மாட்டேன்.

எனக்கு இது மாறுனது வாசிக்க ஆரம்பிச்ச பிறகுதான். வாசிக்கணும்னா சனிக்கிழமை ராத்திரியே எடுத்து பாக்கணும், இல்லன்னா எரேமியா எசாயான்னு பழைய ஏற்பாட்டு நூல்கள்ல வர்ற ஊர் பேருல நாக்கு சிக்கிக்கும். அப்படி பாக்கும்போதுதான் இதுக்கு பின்னால ஒரு கணக்கு இருக்குன்னு புரிஞ்சுது (கணக்கு எழுதுறவனுக்கு கணக்குதான் கண்ணுல படும்). இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1960கள்ல கத்தோலிக்க ஆயர்கள் கூடுன பெரிய கூட்டம்) அப்புறம், 1969 திருவருகைக்காலத்துல (கிறிஸ்மஸுக்கு முந்துன வாரங்கள்) இருந்து, ஞாயிறு வாசகம் மூணு வருசத்துக்கு ஒரு சுத்து. முதல் ஆண்டு மத்தேயு நற்செய்தி, ரெண்டாம் ஆண்டு மாற்கு, மூணாம் ஆண்டு லூக்கா, யோவான் நடுநடுவுல, பாஸ்கா காலத்துல (ஈஸ்டர் சமயம்) நெறைய. வருசத்த மூணால வகுத்து மீதி வரலன்னா அது லூக்கா வருசம். பொதுக்காலத்துல, அதாவது பெரிய திருநாள் காலம் இல்லாத வாரங்கள்ல, பழைய ஏற்பாட்டுல இருந்து வர்ற முதல் வாசகத்தையும் நற்செய்தியையும் ஜோடி பாத்துதான் வச்சிருப்பாங்க, பதிலுரைப் பாடல் முதல் வாசகத்துக்கு நாம சொல்ற பதிலு. ரெண்டாம் வாசகம் மட்டும் தனி ரூட்டு, பவுல் கடிதம் வாரா வாரம் தொடர்ந்து போகும், அதையும் நற்செய்தியையும் முடிச்சு போட பாத்து மண்டைய ஒடைச்சுக்க வேண்டாம்.

இதுல எனக்கு பிடிச்சது என்னன்னா, வாசகத்த நாம தேர்ந்தெடுக்கல. எங்க சித்திக்கு புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை எடுக்குற பழக்கம் உண்டு, வந்த வசனம் சரியில்லன்னா "கை தவறி எடுத்துட்டேன்"ன்னு இன்னொண்ணு எடுப்பாங்க. பைபிள கண்ண மூடி தொறந்து விரல் வைக்கிறவங்களும் இருக்காங்க. அதுல எல்லாம் நமக்கு வேணும்ங்கிறதுதான் கெடைக்கும். ஞாயிறு வாசகம் அப்படி இல்ல, நம்ம வீட்டுல கல்யாணமா எழவான்னு பாக்காம அது பாட்டுக்கு வரும், அதனாலதான் சில நேரம் அடி பலமா விழும்.

ஒக்கி புயல் வந்தது 2017 நவம்பர் 29 ராத்திரி, விடிஞ்சா 30, இயேசுவோட சீடர் அந்திரேயாவோட திருநாள். அன்னைக்குள்ள நற்செய்தி எதுன்னு பாத்தீங்கன்னா, கடல்ல வலை வீசிட்டு இருந்த பேதுருவையும் அந்திரேயாவையும் இயேசு கூப்பிடுறது. வேணும்னு வச்சதில்ல, ஞாயித்துக்கிழமை விழாத வருசமெல்லாம் அந்த தேதியில அதுதான். மூணு நாள் கழிச்சு டிசம்பர் 3, திருவருகைக்கால முதல் ஞாயிறு, எங்க ஊருல கரண்டு இல்ல, மைக்கு இல்ல, பக்கத்து தெருவுல கடலுக்கு போன மூணு பேர பத்தி தகவலே இல்ல. முதல் வாசகம் எனக்கு. எசாயா, வானத்த பிளந்துட்டு எறங்கி வர மாட்டீரான்னு கடவுள்கிட்ட கேக்குற இடம். சனிக்கிழமை நான் எடுத்து பாக்கல, யாரு அதெல்லாம் பாத்தா, நேரா போயி நின்னு வாசிக்கும்போதுதான் அந்த வரி வந்துச்சு, குரல் அடைச்சுட்டு. அப்புறம் சாமியார் நற்செய்தி வாசிக்கிறார், விழிப்பாயிருங்கள், வீட்டுத் தலைவர் மாலையிலோ நள்ளிரவிலோ சேவல் கூவும் வேளையிலோ காலையிலோ எப்போது வருவார்னு உங்களுக்குத் தெரியாதுன்னு. வீட்டுத் தலைவர் எப்ப வருவார்னு மூணு ராத்திரியா கடற்கரையில உக்காந்துருக்குற பொம்பளைங்க முன்னாடி. மறையுரை (பிரசங்கம்) அன்னைக்கு ரெண்டு நிமிசம்தான். சாமியாரால அதுக்கு மேல முடியல.

அது ஆறுதலா இருந்துச்சான்னு கேட்டா இல்ல. ஆனா அந்த பொம்பளைங்க படுற பாட்டுக்கு அந்த புஸ்தகத்துல ஏற்கனவே ஒரு இடம் இருக்குன்னு தோணுச்சு. 2018 பிப்ரவரி 4 யோபு வந்துச்சு, சொத்து பிள்ளைங்க எல்லாத்தையும் இழந்தவரு, படுத்தா எப்ப விடியும்னு கேக்குறேன், ராத்திரி நீண்டுகிட்டே போகுதுன்னு. கோயில்ல பின்வரிசையில ஒரு அக்கா சத்தமா "ஆமா"ன்னாங்க. இயேசு புயல அடக்குற வாசகம் அந்த வருசம் ஞாயிறுல வரவே இல்ல, அது வரவேண்டிய ஜூன் 24ல திருமுழுக்கு யோவான் பிறப்பு விழா விழுந்துட்டு. வராம இருந்ததே நல்லதுன்னு எனக்கு அப்ப பட்டுச்சு.

நம்ம தேவசகாயம் கதையும் இதேதான். நட்டாலத்துக்காரர், கிறிஸ்தவர் ஆகுறதுக்கு முன்னாடி நீலகண்ட பிள்ளையா இருந்தப்போ ஆடு மாடு சொத்துன்னு ஒண்ணு மேல ஒண்ணா நட்டம், அப்போ டச்சு கம்பெனியில இருந்து வந்து திருவிதாங்கூர் படையில தளபதியான டிலனாய் அவருக்கு சொன்னது யோபு கதையத்தான்னு நம்ம ஊருல சொல்லுவாங்க. ஏன் நட்டம் வந்துச்சுன்னு டிலனாய் விளக்கல, உன்ன மாதிரி ஒருத்தன் இருந்தான்னு சொன்னாரு. 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம், 1752ல காத்தாடிமலையில சுட்டாங்க, 2022ல புனிதர் பட்டம், எல்லாம் அதுக்கு பிறகுதான்.

சரி, எல்லா வாரமும் புயலா அடிக்கும்? சாதாரண வாரத்துக்கு ஒண்ணு சொல்றேன், கொஞ்சம் வெக்கமான விசயம். தம்பி வளைகுடாவுக்கு போனவன், அம்மா நகைய வச்சுத்தான் விசா எடுத்தது, போயி முதல் வருசம் காசு வந்துச்சு, அப்புறம் காசும் இல்ல போனும் இல்ல. நகைய திருப்புனது நானு. அம்மாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறது, கூரை மாத்துறது, அன்பியத்துல (பங்குல பக்கத்து பக்கத்து வீடுங்க சேந்த குழு) தலைக்கட்டு வரி குடுக்குறது எல்லாம் நானு. போன வருசம் மார்ச்ல வேல போயி ஒரு பெட்டியோட வந்து நின்னான். அம்மா என்ன கேட்டாங்கன்னு நினைக்கிறீங்க, ஒண்ணும் கேக்கல, "சாப்பிட்டியா மக்ளே"ன்னு கேட்டுட்டு என்ன நெய்மீன் வாங்க அனுப்புனாங்க. தவக்காலம்ங்கிறதால கறி கிடையாது, இல்லன்னா கன்னுக்குட்டியே அடிச்சிருப்பாங்க.

அந்த ஞாயிறு, 2025 மார்ச் 30, ஊதாரி மகன் உவமை, சொத்த அழிச்சுட்டு திரும்பி வந்த இளையவனுக்கு அப்பா கன்னுக்குட்டி அடிச்சு விருந்து வைக்கிற கதை. தவக்கால நாலாம் ஞாயிறு மூணாம் ஆண்டுன்னா அதுதான், 2022லயும் அதே. 2022ல கேட்டப்போ எனக்கு அது ஊருல குடிச்சு அழியுற பசங்களுக்குள்ள கதை. இந்த தடவ சனிக்கிழமை ராத்திரி லூக்கா 15 எடுத்து வாசிக்கிறேன், மூத்தவன் வயல்ல வேல பாத்துட்டு வர்றான், பாட்டு சத்தம் கேக்குது, வேலைக்காரன்கிட்ட என்னன்னு விசாரிக்கிறான், கோவத்துல உள்ள போகாம வெளியவே நிக்கிறான், எனக்கு நண்பர்களோட சாப்பிட ஒரு ஆட்டுக்குட்டி கூட தந்ததில்லையேன்னு கணக்கு சொல்றான். அப்படியே நான். "உம் மகன்"ங்கிறான், "என் தம்பி"ன்னு சொல்லல பாருங்க. நானும் அந்த வாரம் பூரா அம்மாகிட்ட "ஒங்க மொவன்"னுதான் பேசிட்டு இருந்தேன். மூத்தவன் கடைசியில உள்ள போனானா இல்லியான்னு லூக்கா எழுதல. அப்பா வெளிய வந்து "மகனே, நீ எப்போதும் என்னுடன் இருக்கிறாய்"னு கெஞ்சுறதோட கதை நிக்குது.

அதனால நான் செய்யுறது இவ்வளவுதான், சனிக்கிழமை ஒரு தடவ வாசிக்கிறது, குத்துற வரி ஒண்ணு இருந்தா, பிடிச்ச வரிய விட குத்துற வரி நல்லது, அத பேருந்துல போகும்போது வரும்போது திரும்ப நினைக்கிறது. சில வாரம் ஒண்ணுமே குத்தாது, லேவியர் நூல் வர்ற அன்னைக்கு எல்லாம் நானும் கொட்டாவிதான். பரவால்ல.

அந்த ஞாயிறு மத்தியானம் நான் பூசை முடிஞ்சு கொஞ்ச நேரம் திண்ணையிலேயே இருந்தேன், உள்ள அவன் அங்கத்த சூடு பத்தி சொல்லிட்டு இருக்கான், அம்மா சிரிக்கிறாங்க. அப்புறம் அம்மா எட்டிப் பாத்து "வாசகம் என்ன மக்ளே இன்னைக்கு"ன்னாங்க. அவங்களும் பூசையிலதான் இருந்தாங்க. நான் "அக்காலத்தில்"னு ஆரம்பிச்சேன், தம்பி உள்ள இருந்து மீதிய சொன்னான்.