வணிக சர்வருக்குக் கெர்னலை நாமே கம்பைல் செய்ய வேண்டுமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறோம்; புதுச்சேரியிலும் ஒரு கிளை உண்டு. இரண்டு இடத்துக்குமான பில்லிங், டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) போட்ட ஒரே சர்வரில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஓடுகிறது. காலை பத்து மணிக்கு மேல் பில் போடத் தாமதமாகிறது. டெபியன் தரும் கெர்னல் (வன்பொருளை இயக்கும், இயங்குதளத்தின் மையப் பகுதி) பழையது, தேவையற்றதை நீக்கி மூலநிரலிலிருந்து நாமே கம்பைல் செய்தால் (இயங்கும் நிரலாக மாற்றினால்) வேகமும் பாதுகாப்பும் கூடும் என்கிறார், புதிதாகச் சேர்ந்திருக்கும் பொறியாளர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் கெர்னலாக இருக்காது. அதை மாற்றினால், இன்று இல்லாத ஒரு பொறுப்பு உங்கள் தலையில் ஏறும்.

நினைவகம் குறைவாக இருந்த 1990களில் கெர்னலைச் செதுக்கிச் சிறிதாக்குவதில் பலன் இருந்தது. இன்றைய கெர்னலில், கருவிகளை இயக்கும் நிரல்களான டிரைவர்களில் பெரும்பாலானவை தனித்தனி மாட்யூல்களாக இருக்கின்றன. அந்தந்த வன்பொருள் இருந்தால் மட்டுமே அவை நினைவகத்தில் ஏறும். உங்கள் சர்வரில் இல்லாத ஆயிரம் கருவிகளுக்கான மாட்யூல்கள் டிஸ்க்கில் சும்மா கிடப்பவை. அவற்றை நீக்கினால் டிஸ்க்கில் கொஞ்சம் இடம் மிஞ்சுமே தவிர, பில் சீக்கிரம் வராது.

தாமதம் ஏற்படும் அதே நேரத்தில் 'டாப்' (top) கட்டளையைக் கொடுத்து, 'டபிள்யூஏ' (wa) என்ற எண்ணைப் பாருங்கள். அது தொடர்ந்து உயர்ந்து நின்றால், பிராசஸர் வேலையின்றி டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். அடுத்து, தரவை வைத்துக்கொள்ள போஸ்ட்கிரெஸ் எவ்வளவு நினைவகம் எடுக்கலாம் என்று சொல்லும் 'ஷேர்டு பஃபர்ஸ்' அமைப்பைப் பாருங்கள். நிறுவும்போது அது வெறும் 128 எம்பியாகத்தான் இருக்கும். தரவுத்தளத்துக்கென்றே இருக்கும் சர்வரில் மொத்த நினைவகத்தின் கால் பங்கு வரை தருவது வழக்கம். பலர் இதைத் தொடாமலே புது சர்வர் வாங்கிவிடுகிறார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் பொறியாளரின் கருத்தை அழுத்தமாகவே மறுக்கிறேன். 2022 மார்ச்சில் 'டர்ட்டி பைப்' என்ற ஓட்டை வெளியானது; 5.8 முதலான கெர்னல்களில், சாதாரணப் பயனர் ஒருவர், சர்வரின் முழுக் கட்டுப்பாட்டைத் தரும் ரூட் அதிகாரத்தையே கைப்பற்ற அது வழிவிட்டது. டெபியன் கெர்னல் வைத்திருந்தவர்கள் வழக்கமான அப்டேட்டைப் போட்டு, சர்வரை ஒருமுறை ரீபூட் செய்ததோடு வேலை முடிந்தது. சொந்தக் கெர்னல் வைத்திருந்தவர்களோ அச்செய்தியைத் தாமே கவனித்து, புதிய மூலநிரலை இறக்கி, மறுபடி கம்பைல் செய்து, சோதித்து, பிறகு ரீபூட் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஓட்டைக்கும் இதே வேலைதான். அந்தப் பொறியாளர் வேறு வேலைக்குப் போய்விட்டால் இதை யார் செய்வார்? டெபியன் 12 கெர்னலின் 6.1 என்ற எண்ணைப் பார்த்துப் பழையது என்று எண்ண வேண்டாம். எண் அப்படியே இருக்க, திருத்தங்கள் தொடர்ந்து அதே வரிசையில் சேர்ந்துகொண்டே வருகின்றன.

இன்னோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. கெர்னலைச் சிறிதாக்கப் பலரும் பயன்படுத்தும் 'லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற முறை, அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். பேக்கப் எடுக்கும் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் அப்போது செருகப்படாமல் இருந்தால் அதற்கான மாட்யூல் சேராது. அடுத்த பேக்கப்பின்போது சர்வர் அந்த டிஸ்க்கை அறியாது. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று புயல் கரையேறும் கரை நம்முடையது. அப்படியொரு நாளில் மதர்போர்டு போய், டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்ட நேர்ந்தால், பெரும்பாலான டிரைவர்களோடு வரும் டெபியன் கெர்னல் அநேகமாக பூட் ஆகிவிடும். செதுக்கிய கெர்னல், இயங்குதளம் இருக்கும் டிஸ்க் பகுதியான ரூட் பகுதியைக் காணவில்லை என்று 'கெர்னல் பேனிக்' காட்டி நின்றுவிடக்கூடும்.

புத்தம் புதிய நெட்வொர்க் கார்டுக்கு 6.1இல் டிரைவர் இல்லை என்பது போன்ற நிலையில் மட்டும் வேறு கெர்னல் தேவைப்படும். அப்போதும் முதலில் டெபியனின் 'பேக்போர்ட்ஸ்' களஞ்சியத்தில் இருக்கும் புதிய கெர்னலைப் போட்டுப் பாருங்கள். அதுவும் போதாமல் கம்பைல் செய்தே ஆக வேண்டுமென்றால், அதை, டெபியனின் வழக்கமான நிறுவல் வடிவமான டெப் பொதியாகக் கட்டி நிறுவச் சொல்லுங்கள். கெர்னலில் எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்று காட்டும் கான்ஃபிக் கோப்பை எழுத்துக் குறிப்போடு கணக்குப் புத்தகங்களுடன் பத்திரப்படுத்துங்கள். பழைய கெர்னல், பூட் ஆகும்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்க உதவும் 'கிரப்' பட்டியலில் இருக்கட்டும். முதல் ரீபூட்டை, கடை மூடியிருக்கும் ஒரு ஞாயிறு காலையில், பொறியாளர் சர்வர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே செய்யச் சொல்லுங்கள்.