பதில்: ஒரே சட்டம், பக்கத்துப் பக்கத்து பரோக்களில் இரண்டு விதமாக ஏன்?

வணக்கம். 1920களில் லண்டனின் ஒரு பரோவில் (நகரின் உள்ளாட்சிப் பகுதியில்) தாய்மார்களுக்கு இலவசப் பால் கிடைத்திருக்க, பக்கத்து பரோவில் ஏன் இல்லை, ஆய்வேடு அங்கேயே முட்டி நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

விடை சட்டத்திலேயே இருக்கிறது. 1918ஆம் ஆண்டின் தாய்சேய் நலச் சட்டம் பரோ மன்றங்கள் போன்ற உள்ளாட்சி மன்றங்களுக்கு இந்தச் சேவைகளைச் செய்ய அதிகாரம் கொடுத்ததே தவிர, பெரும்பாலும் கட்டாயப்படுத்தவில்லை. அனுமதிக்கப்பட்ட செலவில் பாதியை மத்திய அரசு மானியமாகத் தந்தது. மீதிப் பாதி உள்ளூர் வரியிலிருந்து வர வேண்டும். மனமிருந்த மன்றம் செய்தது, இல்லாதது தட்டிக்கழித்தது. இந்த அதிகாரத்தைப் பயன்படுத்திய மன்றம் குறைந்தது 2 பெண்கள் உள்ள குழுவை அமைக்க வேண்டும் என்பதால், அந்தக் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகளை முதலில் தேடுங்கள். பால் பற்றிய வாக்குவாதம் அங்கேதான் இருக்கும்.

அடுத்து, ஒவ்வொரு பரோவின் சுகாதார மருத்துவ அதிகாரியும் எழுதிய ஆண்டறிக்கைகள். லண்டன் அறிக்கைகளை வெல்கம் நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. தொண்டு அமைப்புகள் நடத்திய தாய்சேய் நல நிலையங்கள் மன்றக் கணக்கில் முழுமையாகத் தெரியாது. அதனால் 'சேவையே இல்லை' என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள்: குழந்தை இறப்பு குறைந்ததை மட்டும் வைத்து வெற்றி என்று தீர்ப்பு சொல்லாதீர்கள். இங்கிலாந்தில் 1930களின் நடுப்பகுதி வரை ஆயிரம் பிரசவத்துக்கு ஏறக்குறைய 4 தாய்மார்கள் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். 1936க்குப் பின், பாக்டீரியா தொற்றைக் கட்டுப்படுத்தும் சல்ஃபா மருந்துகள் பரவிய பிறகே பிரசவக் காய்ச்சல் மரணங்கள் வேகமாகக் குறைந்தன. அந்தத் தாய்மார்களுக்கும் உங்கள் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் கொடுங்கள்.