ஒரு நாடு போருக்குப் போவது உண்மையில் பணத்துக்காகத்தானா? மற்ற காரணமெல்லாம் வெறும் சாக்கா?

பல வருடம் நானும் "ஆமாம், எல்லாம் பணத்துக்குத்தான்" என்று வாதாடியவன். எந்தப் போரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் வரைபடத்தை விரித்து, அங்கே எண்ணெய் இருக்கிறதா, சுரங்கம் இருக்கிறதா, துறைமுகம் இருக்கிறதா என்று தேடுவேன். ஏதாவது ஒன்று அகப்பட்டுவிடும். ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, வயதில் மூத்த நண்பர் ஒருவர் கேட்டார்: "எண்ணெய்தான் வேணும்னா காசு கொடுத்து வாங்கிக்கலாமே தம்பி? சண்டை போடறதைவிட அது மலிவாச்சே?" எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு படிக்கப் போய்த்தான் என் எண்ணம் மாறியது.

பணம்தான் காரணம் என்று சொல்பவர் இரண்டு விஷயத்தைக் காட்டியாக வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். சாதாரணமாக வாங்கி விற்க முடியாமல் போனது ஏன்? வந்த லாபம் யார் கைக்குப் போனது, செலவு யார் தலையில் விழுந்தது? இரண்டாவது கேள்வியில்தான் பெரும்பாலான விவாதங்கள் வழி தவறுகின்றன. "பிரிட்டன் லாபம் பார்த்தது", "ஜப்பான் ஆசைப்பட்டது" என்று நாட்டை ஒரே ஆளாக வைத்துப் பேசிவிடுகிறோம்.

முதல் அபின் போரைப் பாருங்கள். இந்தியாவில் விளைந்த அபினை பிரிட்டிஷ் வியாபாரிகள் சீனாவில் கள்ளத்தனமாக விற்றார்கள். சீனாவின் வெள்ளி வெளியே போய்க்கொண்டிருந்தது. 1839-ல் சீனப் பேரரசரின் சிறப்பு ஆணையராக, தென் சீனத் துறைமுகமான கான்டனுக்கு வந்த லின் சேஷூ, வியாபாரிகளிடமிருந்து 20,000 பெட்டிக்கு மேல் அபினைப் பறிமுதல் செய்தார். ஹூமன் என்ற இடத்தில் பெரிய குழிகள் வெட்டி, தண்ணீர் விட்டு, அபினைப் போட்டு, உப்பும் சுண்ணாம்பும் சேர்த்துக் கரைத்துக் கடலில் விட்டார்கள். அந்த வேலைக்கு மட்டும் மூன்று வாரத்துக்கு மேல் பிடித்தது.

இதுவரை இது வியாபாரிகளின் நஷ்டம். சட்டவிரோதச் சரக்கு பிடிபட்டது, அவ்வளவுதான். ஆனால் பெட்டிகளை ஒப்படைக்கும்போது, அங்கிருந்த பிரிட்டிஷ் வணிகக் கண்காணிப்பாளர் சார்லஸ் எலியட், "என்னிடம் கொடுங்கள், இதற்கு அரசாங்கம் பொறுப்பு" என்று அரசின் பெயரில் வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு வாக்குறுதியில் சில வியாபாரிகளின் நஷ்டம் பிரிட்டன் என்ற நாட்டின் நஷ்டமாக மாறிவிட்டது. லண்டனுக்கோ அதைத் தன் கஜானாவிலிருந்து கொடுக்க மனமில்லை. அப்படியானால் சீனாதான் கொடுக்க வேண்டும். போர் முடிந்து 1842-ல் போட்ட நான்கிங் ஒப்பந்தத்தைப் படித்தால் கடைக்காரர் எழுதிய பில் மாதிரியே இருக்கும்: அழித்த அபினுக்கு 60 லட்சம் வெள்ளி டாலர், சீன வணிகர்கள் வைத்திருந்த கடன் பாக்கிக்கு 30 லட்சம், படையெடுத்து வந்த செலவுக்கு 1 கோடியே 20 லட்சம். ஹாங்காங்கும் ஐந்து துறைமுகங்களும் தனி. படையெடுத்து வந்தவன் அந்தச் செலவையும் அடி வாங்கியவனிடமே வசூலித்ததை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இன்றும் வருகிறது.

ஜப்பானின் கதை வேறு மாதிரி. அது பயத்தில் போனது என்பேன். 1941-ல் அதற்கு வேண்டிய எண்ணெயில் சுமார் 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்துதான் வந்தது. அந்த ஜூலையில் ஜப்பானியப் படை தெற்கு இந்தோசீனாவுக்குள் (இன்றைய வியட்நாம் பக்கம்) நுழைந்ததும் அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்கியது. ஆகஸ்டில் எண்ணெயும் நின்றது. கையில் இருப்பது இரண்டு வருடம் வரும், போர் மூண்டால் ஒன்றரை வருடம்தான் என்று கடற்படைத் தலைமை கணக்குச் சொன்னது. நண்பர் கேட்டாரே, வாங்கிக்கொள்ளலாமே என்று, அந்த வழி அங்கே அடைபட்டுவிட்டது. டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைத் தாக்கினார்கள். அப்புறம் டச்சுக்காரர்களிடம் இருந்த சுமத்ரா, போர்னியோ எண்ணெய் வயல்களைப் பிடித்தார்கள்.

ஆனால் இதையும் பாதியில் நிறுத்தக் கூடாது. அவ்வளவு எண்ணெய் எதற்குத் தேவைப்பட்டது? 1937-லிருந்து சீனாவில் நடத்திக்கொண்டிருந்த போருக்கு. ஒரு போரை விட மனமில்லாமல் அதைவிடப் பெரிய போரை இழுத்துக்கொண்டார்கள். வயல்கள் கிடைத்தன, ஆனால் போகப் போக எண்ணெய் வீடு வந்து சேரவில்லை. டாங்கர் கப்பல்களை அமெரிக்க நீர்மூழ்கிகள் ஒவ்வொன்றாக மூழ்கடித்தன. கடைசியில் விமான எரிபொருளுக்காகப் பைன் மரத்தின் வேரைத் தோண்டிக் காய்ச்சி எண்ணெய் இறக்கப் பார்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூட வேர் தோண்டப் போனார்கள். எண்ணெய்க்காகத் தொடங்கிய போர் வந்து நின்ற இடம் அது.

1990-ல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்ததும் இதே வகைதான். ஈரானுடன் எட்டு வருடம் சண்டை போட்டதில் தலைக்கு மேல் கடன், அதில் ஒரு பங்கு குவைத்திடமே. அது கடனைத் தள்ளுபடி செய்ய மறுத்தது; எண்ணெய் நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் வகுத்த ஒதுக்கீட்டுக்கு மேல் எண்ணெய் எடுத்து விலையையும் இறக்கியது. கடன் கொடுத்தவனையே விழுங்கப் பார்த்தார் ஈராக் அதிபர் சதாம்.

சரி, பொருந்தாத இடங்களும் இருக்கின்றன. முதல் உலகப் போர் மூண்ட 1914-ல் பிரிட்டனும் ஜெர்மனியும் ஒன்றுக்கொன்று பெரிய வாடிக்கையாளர்கள். பணக்காரர்கள் தூண்டிவிட்ட போர் என்றால், லண்டன் பங்குச் சந்தை ஜூலை 31-ந் தேதியே பீதியில் கதவைச் சாத்தியது ஏன்? 1982-ல் பிரிட்டனிடமிருந்து அர்ஜென்டினா பிடித்த பால்க்லாந்து தீவுகளில் அன்று சுமார் 1,800 மனிதர்களும் அவர்களைவிடப் பல மடங்கு ஆடுகளும்தான். ஆனால் அர்ஜென்டினாவுக்குள் விலைவாசி எகிறிக்கொண்டிருந்தது. படை இறங்குவதற்கு மூன்று நாள் முன்புதான் தொழிற்சங்கங்கள் ராணுவ ஆட்சியை எதிர்த்துத் தெருவில் இறங்கியிருந்தன. அங்கேயும் பொருளாதாரம் இருக்கிறது, ஆனால் தீவில் இல்லை; தலைநகரில் இருக்கிறது.

2003-ல் அமெரிக்கா ஈராக் மீது படையெடுத்ததைக் கட்டாயம் கேட்பீர்கள். எண்ணெய் இல்லாத நாடாக இருந்திருந்தால் அவ்வளவு பெரிய படை போயிருக்காது என்றே நம்புகிறேன். ஆனால் அமெரிக்கக் கம்பெனிகள் அள்ளிக்கொண்டன என்ற கதை அப்படியே நிற்காது. 2009 ஏலத்தில் மிகப் பெரிய ருமைலா வயல் பிரிட்டனின் பிபி எண்ணெய் நிறுவனத்துக்கும் சீன அரசு நிறுவனத்துக்கும் போனது. ராணுவ ஒப்பந்தக்காரர்கள் சம்பாதித்தார்கள், அது உண்மை. அந்தப் பணம் அமெரிக்கர்களின் வரியிலிருந்தும், நாடு வாங்கிய கடனிலிருந்தும் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணம்தான் காரணம் என்று தெரிந்ததும், "அப்படியானால் தடுத்திருக்கவே முடியாது" என்று சிலர் கைகழுவிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்புதல் இல்லை. 1840 ஏப்ரலில், சீன விவகாரத்தை அரசு கையாண்ட விதத்தைக் கண்டித்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தீர்மானம் வந்தது. இளம் உறுப்பினர் கிளாட்ஸ்டன் எழுந்து, இவ்வளவு அநியாயமான ஒரு போரைத் தான் அறிந்ததில்லை என்று பேசினார். அபின் வியாபாரிகளின் பணமும் செல்வாக்கும் அத்தனை இருந்தும், தீர்மானத்துக்கு 262 வாக்கு, எதிராக 271. ஐந்து பேர் மாற்றிப் போட்டிருந்தால் நிறைவேறியிருக்கும்.