மேல பாத்து படம் எடுக்கறவங்களுக்கு: கேள்வி பதில்

கோபுரம், மரம், மாடிப்படி, கூரை, கரன்ட் கம்பி, இப்படி தலைக்கு மேல இருக்கறத எடுக்கறது பத்தி என்ன வேணாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்த வரிசையிலயே பதில் எழுதறேன்.

கேள்வி: எங்க தெரு அபார்ட்மென்ட்ட எடுத்தா பின்னாடி சாஞ்சு விழுற மாதிரி வருது, லென்ஸ் கோளாறா?

லென்ஸ் நல்லாதான் இருக்கு. போனை மேல சாய்க்கறீங்க, உள்ள படம் பதியற சென்சாரும் சுவரும் இணையா இல்லாம போகுது, உச்சி தூரமா இருக்கறதால சின்னதாகி ரெண்டு பக்க கோடும் உள்ள சாயுது. போனை நெட்டுவாக்குல நிமிர்த்தி, கொஞ்சம் கூட சாய்க்காம புடிங்க, அப்புறம் பின்னாடி போங்க. சாதாரண போன்ல இருக்கற 24 எம்எம் மெயின் கேமராவுக்கு, கட்டடம் எவ்ளோ உயரமோ அதுல ஒண்ணரை மடங்கு தூரம் தள்ளி நின்னா உச்சி ஃப்ரேமுக்குள்ள வந்துரும். 20 மீட்டர் அபார்ட்மென்ட்டுன்னா 30 மீட்டர். கீழ்பாதி முழுக்க ரோடு வரும், அத வெட்டிடுங்க. தெரு குறுகலா இருந்தா எதிர்வீட்டு ரெண்டாவது மாடிலேர்ந்து கேட்டு எடுங்க, பாதி உயரத்துக்கு ஏறினாலே சாய்வு போயிரும். எங்க நிக்கறோம்ங்கறதுதான் இதுல முக்கால்வாசி வேலை, கேமரா எல்லாம் அப்புறம்.

பின்னாடி நடக்கறப்ப மேல பாத்துக்கிட்டே நடக்காதீங்க. நின்னு பாருங்க, கீழ பாத்து நடங்க, மறுபடி நின்னு பாருங்க.

கேள்வி: இதுக்கு எந்த போன் நல்லது?

கையில இருக்கறது போதும். 0.5 எக்ஸ்ங்கற அகலமா எடுக்கற லென்ஸ் இருந்தா கூரைக்கும் மரத்துக்கும் வசதி.

கேள்வி: மரத்தடியில நின்னு எடுத்தா இலையெல்லாம் கருப்பா வருது, வானம் வெள்ளையா போகுது.

கேமரா வானத்த பாத்து பயந்துக்குது, அதனால எல்லாத்தையும் இருட்டாக்குது. இலைமேல தொட்டு போக்கஸ் வச்சு எக்ஸ்போஷர, அதாவது வெளிச்ச அளவ, ஒரு ஸ்டாப் (ரெண்டு மடங்கு) ஏத்துங்க. வெயில் பின்னாடிலேர்ந்து இலைய ஊடுருவி வர்றப்ப நரம்பெல்லாம் பச்சையா எரியும், மழை விட்டு வெயில் வந்த காலை நேரம்னா இன்னும் அழகு. வானம் கொஞ்சம் வெளுத்தா வெளுக்கட்டும். இல்ல, கிளையோட கோடுதான் வேணும்னா நேரெதிரா ஒரு ஸ்டாப் இறக்கி முழு நிழலுருவா எடுங்க. ரெண்டுக்கும் நடுவுல நிக்கறதுதான் பிரச்சனை. காத்து இருந்தா ஷட்டர் ஸ்பீட் 1/250 செகண்டை விட மெதுவா போக விடாதீங்க. தூங்குமூஞ்சி மரம் கிடைச்சா விடாதீங்க, குடை மாதிரி விரிஞ்சு அடிலேர்ந்து பாக்கறதுக்குன்னே வளர்ந்திருக்கும்.

தென்னந்தோப்புல அண்ணாந்து எடுத்தா மட்டையெல்லாம் நட்சத்திரம் மாதிரி வரும், ஆனா காய் இருக்கற மரத்தடியில படுக்காதீங்க. விளையாட்டுக்கு சொல்லல.

கேள்வி: சாஃப்ட்வேர்ல கோபுரத்த நேராக்கினா குண்டாயிடுது, ஏன்?

ரொம்ப நல்ல கேள்வி. கோபுரம் இயல்பாவே மேல போகப் போக ஒடுங்குது. ஆட்டோ பட்டன் அந்த சரிவான ஓரத்தையும் செங்குத்து கோடுன்னு நினைச்சு நிமிர்த்திடுது, உச்சி அகலமாயி பொம்மையெல்லாம் உப்பிடும். கையால பண்ணுங்க. அடியில கல்லுல கட்டின பகுதி இருக்குல்ல, அந்த வாசல் நிலைக்கால்தான் நிஜமான செங்குத்து, அத வச்சு நேராக்குங்க, மேல சுதை அடுக்கு எப்படி ஒடுங்குதோ அப்படியே விட்டுடுங்க. அதையும் முழுசா பண்ணாதீங்க, கொஞ்சம் மிச்சம் வைங்க, முழுசா நேராக்கினா உச்சி நம்ம பக்கம் சாயற மாதிரி ஆயிடும்.

கேள்வி: என்ன போன் வாங்கலாம், பட்ஜெட் இருபதாயிரம்.

மேல சொல்லிட்டேன்.

கேள்வி: நேராக்கறதே பொய். அண்ணாந்து பாத்தா சாய்வாதான தெரியும்?

இன்னொருத்தர்: இல்ல, கண்ணுக்கு நேராதான் தெரியுது, சாய்வா எடுக்கறதுதான் பொய்.

ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி உண்மை இருக்கு. தூரத்துல நின்னு கொஞ்சம் நிமிர்ந்து பாக்கறப்ப மூளை நேராக்கிக்குது, சாய்வு தெரியாது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 70 மீட்டருக்கும் மேல, அதுக்கு அடியில போய் கழுத்த முழுசா சாய்ச்சா கோடெல்லாம் ஓடி ஒண்ணு சேர்றது கண்ணுக்கே தெரியும். அதனாலதான் அரைகுறை சாய்வு தப்பு மாதிரி தெரியுது, முழு சாய்வு தப்பா தெரியல. ஒண்ணு, நேரா எடுங்க. இல்ல, தயங்காம அடியில போய் அண்ணாந்து எடுங்க.

அந்த ரெண்டாவது ஆள்: ஆவணப் படத்துல சாய்வு வரவே கூடாது.

ஆவணத்துக்கு ஒத்துக்கறேன். அளவு பாக்கறவங்களுக்கு நேரான படம்தான் வேணும், அதுக்குன்னு கேமராவ சாய்க்காமலே மேல நகத்தி எடுக்கற ஷிஃப்ட் லென்ஸே இருக்கு. ஆனா எல்லா படமும் ஆவணம் இல்ல. 1925லயே ரோட்சென்கோங்கற ரஷ்ய கலைஞர் மாஸ்கோவுல ஒரு கட்டடத்தோட பால்கனி வரிசைய அடியிலேர்ந்து செங்குத்தா அண்ணாந்து எடுத்தார். எல்லாரும் தொப்புள் உயரத்துலேர்ந்தே எடுக்கறாங்கங்கறதுதான் அவரோட வாதம். நூறு வருஷம் ஆகியும் நாம அந்த உயரத்த விட்டு வரலையேன்னு எனக்கு நிஜமாவே வருத்தம். கோபுரத்தடியில நிக்கற ஒரு பாட்டிக்கு அது எப்படி தெரியுதோ அதுவும் பதிவாகணும்.

இத இதோட நிறுத்திக்கலாம், மத்தவங்க காத்திருக்காங்க.

கேள்வி: மதியம் எடுக்கலாமா?

இத எல்லாருக்கும் சேத்து சொல்றேன். நம்ம ஊர்ல வருஷத்துல ரெண்டு நாள் நடு மதியத்துல சூரியன் நேரா உச்சந்தலைக்கு வரும், சென்னையில ஏப்ரல் கடைசி வாரமும் ஆகஸ்ட் நடுவுலயும், அதுக்கு இடைப்பட்ட மாசங்கள்லயும் கிட்டத்தட்ட தலைக்கு மேலதான். அண்ணாந்து எடுத்தா சூரியன் ஃப்ரேம் நடுவுல. ஜூம் லென்ஸ் போட்டு கண்ணாடி வியூஃபைண்டர் வழியா அந்தப் பக்கம் பாக்கவே பாக்காதீங்க, கண்ணு போயிரும். கிளைக்கோ கட்டடத்துக்கோ பின்னாடி சூரியன மறைச்சுட்டு எடுங்க.

கேள்வி: போலரைசர் (லென்ஸ் முன்னாடி மாட்டற ஃபில்டர்) போட்டும் வானம் நீலமாகல.

மதியம் போட்டிருப்பீங்க. சூரியன்லேர்ந்து 90 டிகிரி தள்ளி இருக்கற வானத்துலதான் அது நல்லா வேலை செய்யும். அதனால காலையிலயும் சாயங்காலமும் நேர் மேல பாத்தா பிரமாதம், உச்சி வெயில்ல ஒண்ணும் ஆகாது. 0.5 எக்ஸ் மாதிரி வைட் லென்ஸ்ல வானத்துல ஒரு பக்கம் மட்டும் திட்டா கருக்கும், போடாதீங்க.

கேள்வி: பழைய ஃப்ளாட் மாடிப்படி சுழல் எப்படி எடுக்கறது?

கீழ்தளத்துல சரியா நடுவுல ஒரு கைக்குட்டை விரிச்சு, ஸ்க்ரீன் கீழ, பின் கேமரா மேல பாக்கற மாதிரி போனை படுக்க வைங்க. பத்து செகண்ட் டைமர் போட்டு நகர்ந்துடுங்க. ஒரு ஜாண் தள்ளினாலே சுழல் கோணலாகும், நாலஞ்சு தடவ நகத்தி வச்சு பாருங்க. மதுரை திருமலை நாயக்கர் மகால் சொர்க்க விலாசத்து குவிமாடத்துக்கும் இதே கணக்குதான், நேர் மையத்துக்கு அடியில நிக்கணும்.

கேள்வி: கோவிலுக்குள்ள கூரை ஓவியம்?

2022 டிசம்பர்ல ஹைகோர்ட் தமிழ்நாட்டு கோவில்கள்ல போனுக்கு தடை போட சொல்லியிருக்கு. ஆபீஸ்ல எழுத்துல அனுமதி வாங்குங்க, திருட்டுத்தனமா வேண்டாம்.

கேள்வி: ட்ரோன்ல…

அது மேலேர்ந்து கீழ பாக்கறது, என் ஏரியா இல்ல. விமானத்துறை டிஜிசிஏ தளத்துல விதி பாருங்க.

கேள்வி: கரன்ட் கம்பி குறுக்க வந்துடுது, எப்படி அழிக்கறது?

அழிக்கறதுக்கு முன்னாடி ரெண்டடி நகர்ந்து பாருங்க. கம்பி எங்க குறுக்க வெட்டுதுங்கறது நீங்க நிக்கற இடத்த வச்சுதான். என்ன கேட்டா கம்பிய விட்டுடுங்க, நம்ம தெருவோட வானம் அப்படித்தான் இருக்கு, அதுல காக்கா உக்காந்தா இன்னும் நல்லது. தொங்கற கம்பிக்கும் ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் அடியில மட்டும் நிக்காதீங்க, மழைல சுத்தமா வேண்டாம்.