பெப்பு: அம்மாவுடன் வெந்நீர் ஊற்று நகரில் இரண்டு நாள்

கேள்வி: நவம்பரில் அம்மாவுடன் ஜப்பானின் பெப்பு நகரில் இரண்டு நாள் தங்குகிறோம். அம்மாவுக்கு 68 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். பலர் முன்னால் உடையில்லாமல் குளிக்கக் கூச்சப்படுகிறார். இருவரும் சைவம். எப்படித் திட்டமிடலாம்?

பதில்: கூச்சத்துக்காக ஊற்றுக் குளியலையே விட்டுவிடாதீர்கள். பொதுக் குளியலில் ஆண், பெண் பகுதிகள் தனித்தனி. அதுவும் வேண்டாமென்றால் 'காசோகுபுரோ' என்று கேளுங்கள். குடும்பத்துக்கு மட்டும் மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் குளியலறை அது. தாக்கெகவாரா குளியல் இல்லத்தில் (1879-இல் தொடங்கியது, இப்போதைய மரக்கட்டடம் 1938-இல் எழுந்தது) மணல் குளியலும் உண்டு. அங்கே தரும் யுகாத்தா அங்கியோடு படுத்தால், மேலே சூடான மணலை மூடுவார்கள். ஆனால் மணல் நெஞ்சை அழுத்தும். அதற்கும் வெந்நீர்க் குளியலுக்கும் புறப்படும் முன்பே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தொட்டித் தண்ணீர் 42 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். முதலில் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்து, நுரை போக அலச வேண்டும். பிறகு தொட்டி நீரைக் காலிலிருந்து மேலாகப் பத்துத் தடவை மொண்டு ஊற்றிவிட்டு இறங்கலாம். முதல் முறை மூன்று நிமிடம் போதும். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும்; சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அம்மா விளிம்பைப் பிடித்து, ஒரு நிமிடம் அதில் உட்கார்ந்து, அப்புறம் எழட்டும். சாப்பிட்ட கையோடு குளிக்க வேண்டாம். கொலுசையும் மெட்டியையும் அறையிலேயே கழற்றி வையுங்கள். பெப்புவின் மியோபான் பகுதியிலுள்ள கந்தக நீரில் வெள்ளி கறுத்துவிடும்.

தங்குவதற்கு ரயில் நிலையப் பக்கத்தைவிடக் கன்னாவா நல்லது. தெருவோரச் சாக்கடை மூடியிலிருந்துகூட ஆவி எழும் இடம் அது. 'ஜிகோகு' (நரகம்) எனப்படும் ஏழு கொதிகுளங்களில் ஐந்து அங்கே நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. குளிக்க அல்ல, பார்க்க மட்டும்: நீல நிற உமி ஜிகோகுவின் நீர் 98 டிகிரி. மற்ற இரண்டான சிவந்த சினோய்கேயும், வெந்நீர் பீச்சியடிக்கும் தாத்சுமாகி ஊற்றும் பஸ்ஸில் போகும் தூரம். தாத்சுமாகி 30–40 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பீச்சியடிக்கும். அதனால் முதலில் அங்கே எட்டிப் பாருங்கள். நேரமிருந்தால் பக்கத்திலுள்ள சினோய்கேயைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். காய்கறி ஊதோன் (தடித்த நூடுல்ஸ்) என்று வாங்கினாலும் சாறு மீனில் காய்ச்சியதாக இருக்கும். கன்னாவாவின் ஊற்று ஆவிச் சமையல் கூடத்தில் காய்கறித் தட்டு வாங்கி நீங்களே வேகவைக்கலாம். சர்க்கரைவள்ளிக்கு அரை மணி நேரம் வரை ஆகும். மூடியைத் தூக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள், ஆவி குப்பென்று அடிக்கும். மீன் வெந்த அடுப்பாகவும் இருக்கக்கூடும் என்பதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஊரிலிருந்து பருப்புப் பொடி கொண்டுபோனால் பெரிய துணை.

இரண்டாம் நாள் விடியலில் பக்கத்து ஊரான யுஃபுயின் போங்கள். பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கின்ரின் ஏரியில் வெந்நீரும் ஊறுவதால் குளிர்ந்த காலையில் நீர்மேல் பனிமூட்டம் படரும். வெயில் ஏறினால் கலைந்துவிடும் என்பதால், முதல் பஸ்ஸையே பிடியுங்கள்.