மூச்சும் கமாவும்

அன்புள்ள அம்மா,

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டுக்கு நான் எழுதும் ஆங்கில மெயில்களை எல்லாம் மேலதிகாரி கமாவைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார். ஆண்ட், பட் இவற்றுக்கு முன்னால் கமா உண்டா? பிகாஸுக்கு முன்னால் கூடாது என்கிறார்களே, ஏன்? பட் என்று வாக்கியத்தைத் தொடங்கலாமா? ஹவெவரை என்ன செய்வது? மூச்சு விடும் இடத்தில் கமா போடு என்றுதான் பள்ளியில் சொன்னார்கள். தமிழ் வழியில் படித்ததால் எனக்கு இதெல்லாம் வராதோ என்று தோன்றுகிறது. நேற்று திரும்பி வந்த வாக்கியம்: 'வென் த மோட்டார் ஸ்டாப்ஸ் த பம்ப் மஸ்ட் பி செக்ட்.'

எஸ்.

அன்புள்ள எஸ்,

தமிழ் வழியில் படித்ததால் வராதோ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை முதலில் அடித்துவிடுங்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான் வருகிறது, ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. நானும் தமிழ் வழியில் படித்தவள்தான். முப்பது வருடமாக மொழிபெயர்ப்பில் பிழைக்கிறேன். ஆங்கிலக் கமா எனக்குப் பிடிபட்டதே தமிழ் வழியாகத்தான்.

உங்கள் வாக்கியத்தையே பாருங்கள். தமிழில் 'மோட்டார் நின்றால் பம்பைச் சோதிக்க வேண்டும்.' 'நின்றால்' என்பதில் அந்த 'ஆல்' காதில் விழுந்ததும் முதல் துண்டு முடிந்தது என்று தெரிந்துவிடுகிறது. இரண்டு துண்டும் சேரும் இடத்திலேயே தையல் இருக்கிறது. நின்றாலும், நின்றபோது, நின்றதால், நின்று என்று எதை எடுத்தாலும் இப்படித்தான். ஓலைச்சுவடியில் கமா கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளிகூடக் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றவர்கள் உரைநடைக்குள் இந்தக் குறிகளைக் கொண்டுவரும் வரை தமிழ் அவை இல்லாமலே ஓடியதற்கு இந்த விகுதிகளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஆங்கிலத்தில் 'வென்' வாக்கியத்தின் தலையில் உட்கார்ந்துகொள்கிறது. துண்டு தொடங்குகிறது என்று சொல்லும், எங்கே முடிகிறது என்று சொல்லாது. உங்கள் வாடிக்கையாளர் 'மோட்டார் ஸ்டாப்ஸ் த பம்ப்' வரை ஒரே ஓட்டமாகப் படித்து, மோட்டார் பம்பை நிறுத்துகிறது என்று புரிந்துகொள்கிறார். 'மஸ்ட் பி' வந்ததும் தடுமாறித் திரும்பி வருகிறார். ஸ்டாப்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கமா இருந்திருந்தால் இந்தத் தடுமாற்றம் இல்லை. நம் 'ஆல்' செய்கிற வேலையை அங்கே கமா செய்கிறது. அதையே திருப்பிப் போடுங்கள்: 'த பம்ப் மஸ்ட் பி செக்ட் வென் த மோட்டார் ஸ்டாப்ஸ்.' இப்போது வென் நடுவில், சேரும் இடத்திலேயே நிற்கிறது. கமா வேண்டாம். இஃப், ஆஃப்டர், பிகாஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆல்தோ, வேராஸ் மாதிரி எதிர்மாறாகச் சொல்ல வருபவை மட்டும் பின்னால் வந்தாலும் கமாவோடு வரும்.

சரி, ஆண்ட் நடுவில்தானே நிற்கிறது, அதற்கு ஏன் கமா என்று கேட்பீர்கள். ஆண்ட் சின்னச் சின்னப் பொருள்களையும் சேர்க்கும், முழு வாக்கியங்களையும் சேர்க்கும். 'வீ டெஸ்டட் த மோட்டார் ஆண்ட் த பம்ப் வாஸ் பேக்ட்' என்று எழுதினால், சொல்ல வந்தது மோட்டாரைச் சோதித்தோம், பம்பை பேக் செய்தாயிற்று என்பது. ஆனால் மோட்டாரையும் பம்பையும் சோதித்தார்கள் என்றுதான் கண் முதலில் படிக்கும். பார்த்தீர்களா, தமிழில் சொன்னதும் இரண்டு 'உம்' வந்துவிட்டது, குழப்பமே இல்லை. ஆங்கிலத்தில் ஆண்டுக்கு முன்னால் கமா போட்டால், இனி வருவது புது எழுவாயோடு ஒரு முழு வாக்கியம் என்று பொருள். 'வீ டெஸ்டட் த மோட்டார் ஆண்ட் பேக்ட் இட்' என்றால் புது எழுவாய் இல்லை, கமாவும் இல்லை. பட், ஆர், ஸோ இவற்றுக்கும் இதைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

பட் என்று தாராளமாகத் தொடங்கலாம். ஹவெவர் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே இல்லை, அதற்கு முன்னால் முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் புது வாக்கியமாகத் தொடங்குங்கள்.

மூச்சு விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சும்மா விட எனக்கு மனமில்லை. காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று நாம் வைத்த பெயர்களே நிறுத்தத்தின் அளவுகள்தான். அலெக்சாண்டிரியா நூலகத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு அரிஸ்டோஃபனீஸ் என்ற நூலகர், வாய்விட்டுப் படிப்பவர்களுக்காக மூன்று உயரங்களில் புள்ளி வைத்தார். ஆக, பழைய வழிதான். ஆனால் உங்கள் மெயிலை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை. படித்தாலும் அவருடைய மூச்சு வேறு, உங்கள் மூச்சு வேறு.

என் அப்பா மனு எழுதிக் கொடுப்பவர். தாலுகா ஆபீஸ் வாசலில் டைப்ரைட்டர் வைத்திருந்தார். கமா என்றால் மூச்சு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அக்கா அப்போது ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்த்தாள். லாக்கரில் பணம் குறைந்தது என்று அவளிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், ஆங்கிலத்தில். அப்பா இரவெல்லாம் உட்கார்ந்து அடித்தார். அதில் ஒரு வரி: 'ஐ டிட் நாட் ஓப்பன் த லாக்கர் பிகாஸ் த மேனேஜர் வாஸ் ப்ரெசென்ட்.' சின்ன வரி, மூச்சு வாங்கத் தேவையில்லை, எனவே கமா இல்லை.

மேனேஜர் அங்கே இருந்தார், அதனால் நான் திறக்கவில்லை என்பதுதான் அப்பா சொல்ல வந்தது. விசாரித்தவர் வேறு மாதிரி படித்தார். லாக்கரைத் திறந்தாள், ஆனால் மேனேஜர் இருந்ததற்காகத் திறக்கவில்லை, வேறு காரணத்துக்காகத் திறந்தாள். கமா இல்லாத அந்த வாக்கியம் இதற்கும் இடம் கொடுக்கிறது. நாட் முன்னால் வந்து பிகாஸ் பின்னால் வந்தால், அந்த நாட் எதை மறுக்கிறது, செயலையா காரணத்தையா என்று கமாதான் சொல்ல வேண்டும். பிகாஸுக்கு முன்னால் கமா கூடாது என்று உங்களுக்குச் சொன்னவர்கள் இந்த ஒரு இடத்தைச் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு ஆற்றாமை.

அந்த வரியை வைத்தே பாதி நாள் அக்காவைத் துருவினார்கள். அவளுக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியாது. என்ன கேட்கிறார்கள் என்று புரியாமலே அழுதிருக்கிறாள். வேலை போகவில்லை. ஆனால் ஒரு வருடத்துக்குள் அவளாகவே விட்டுவிட்டாள்.

ரொம்ப நாள் கழித்து அந்தக் கார்பன் நகலை அப்பாவிடம் காட்டி, 'பிகாஸ் த மேனேஜர் வாஸ் ப்ரெசென்ட், ஐ டிட் நாட் ஓப்பன் த லாக்கர்' என்று கீழே எழுதினேன். காரணத்தை முன்னால் கொண்டுவந்தால் ஐயத்துக்கே இடமில்லை, தமிழ் வரிசையும் அதுதான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் படித்தார். அப்புறம் பென்சிலை வாங்கி, பழைய வரியில் லாக்கருக்குப் பக்கத்தில் ஒரு கமாவைப் போட்டு, நகலை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

உங்கள் மெயில்களில் நாட்டும் பிகாஸும் சேர்ந்து வரும் வரிகளை மட்டும் இன்று ஒருமுறை தேடிப் பாருங்கள், எஸ்.